கூறைக்குப் பின்னால் இருந்த சுவர்

போன மாதம் ஒரு பிள்ளை தொலைபேசி எடுத்தாள். மாவட்டச் சபையின் சமூக நலக் குழுவில் நான் பல வருடம் இருந்த கதிரையில் இப்போது இருப்பவள். இங்கே ஜெர்மனியில் பிறந்து இங்கேயே படித்தவள். கெட்டிக்காரி.

"அங்கிள், இப்ப நாங்கள் ஹைமுகளுக்கு நேர போறது குறைவு. அங்க இருக்கிற ஆக்கள் ஃபோனில படம் எடுத்து அனுப்புவினம். நான் அதைக் கூட்டத்தில திரையில போட்டுக் காட்டுவன். உங்கட காலத்தில எப்பிடி நிரூபிச்சனீங்கள்? ஒருக்கா எழுதித் தாங்கோவன், எங்கட தமிழ்ச் சங்கத்தின்ர ஆண்டு மலரில போடுவம்."

"ஓம் பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். எதற்கும் முதலில் ஓம் சொல்லிவிட்டுப் பிறகு இருந்து யோசிக்கிறவன் நான். அன்றிலிருந்து பேனையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நான் எதை நிரூபித்தேன்? நிரூபிக்க வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவன் நான். ஆனபடியால் அதையே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன். கப்பலில் தளம் கழுவி வந்து ஹம்பேர்க்கில் இறங்கி, அங்கிருந்து வடக்கே ஒரு மீன் பதனிடும் ஆலையில் சேர்ந்தேன். ஜெர்மன் மொழியை மீன் வெட்டும் மேசையில்தான் படித்தேன். அதனால் எனக்கு முதலில் வந்த சொற்கள் கத்தி, பனிக்கட்டி, கெதியாய் என்பவை. எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து எங்கள் சனம் வரத் தொடங்கியது. மாவட்டம் அவர்களைக் கடற்கரைப் பக்கத்து ஊர்களில் பிரித்துப் பிரித்துக் கொண்டுபோய் விட்டது. அகதிகள் தங்கும் விடுதியைத்தான் ஹைம் என்போம். எங்கள் மாவட்டத்தின் வடக்கு மூலையில் அப்படி ஐந்து ஹைம். ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையில் புல்வெளி, மாடு, காற்று. பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. மாவட்ட எல்லையைத் தாண்டுவதென்றால் அனுமதிக் கடிதம் வேண்டும்.

அப்போதுதான் வெளிநாட்டவர்களின் பேச்சையும் கேட்பதென்று மாவட்டச் சபை முடிவெடுத்து, சமூக நலக் குழுவில் நாலு கதிரை கூடுதலாகப் போட்டது. ஒன்று எங்களுக்கு. எனக்கு வதிவிட அனுமதி இருந்தது, கொஞ்சம் பாஷை இருந்தது, மாட்டேன் என்று சொல்லத் தெரியாத குணமும் இருந்தது. ஐந்து ஹைமிலும் கூட்டம் வைத்து என்னைத் தெரிவு செய்தார்கள். அந்தக் கதிரைக்குப் பேசும் உரிமை உண்டு, வாக்கு இல்லை. வாக்கெடுப்பில் நான் கை உயர்த்தினாலும் எண்ணமாட்டார்கள்.

குழுவின் தலைவி ஃபிரவ் லிண்டர்மான், எங்கள் பாஷையில் லிண்டர்மான் அம்மையார். முன்பு எங்கோ பாடசாலை அதிபராக இருந்தவர். நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருப்பார். ஒவ்வொருவரும் பேசத் தொடங்கும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். ஆளுக்கு மூன்று நிமிடம். இரண்டரை நிமிடமானால் பக்கத்திலிருக்கும் பித்தளை மணியின் மேல் உள்ளங்கையை வைப்பார். அடிக்க மாட்டார், சும்மா வைப்பார். மூன்று நிமிடமானால் ஒரே ஒரு தரம் அடிப்பார். யாராக இருந்தாலும் அதுதான். சிரித்து நான் கண்டதில்லை. ஆனால் என் பெயரை முதல் நாளிலேயே சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். மகேஸ்வரன் என்று, ஒரு எழுத்தும் விடாமல்.

என் முதல் பேச்சுக்கு ஒரு மட்டையில் எல்லாவற்றையும் எழுதி, ஆலைக் கழிவறையில் நின்று இரண்டு கிழமை பாடமாக்கினேன். ஊரில் கூட்டங்கள் பார்த்தவன்தானே. தலைவி அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, கௌரவ உறுப்பினர்களே, குறிப்பெழுதும் அம்மையாரே, கோப்பி கொண்டுவந்து தந்த சகோதரியே என்று ஒருவரையும் விடாமல் விளித்து, பேச வாய்ப்பளித்தமைக்கு நன்றி சொல்லி, என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில் என்று தொடங்க, மணி அடித்தது. பஸ் நேரம் பற்றிப் பேச வந்தவன், பஸ் என்ற சொல்லை வாயில் எடுக்கவே இல்லை.

"ஹெர் மகேஸ்வரன், வணக்கங்களை நாங்கள் குறிப்பில் எழுதுவதில்லை. அடுத்த முறை விஷயத்தை முதலில் சொல்லுங்கள். நேரம் மிஞ்சினால் வணங்குங்கள்" என்றார் ஃபிரவ் லிண்டர்மான்.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் யில்மாஸ். துருக்கிக்காரர், கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். மேசைக்குக் கீழே என் முழங்காலில் தட்டி, "கோப்பிக்காரிக்கும் வணக்கம் சொன்ன முதல் ஆள் நீதான். இனி உனக்கு மட்டும் பெரிய கோப்பை வரும்" என்றார். வந்ததும் உண்மைதான்.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஐந்து ஹைமிலும் ஆக மோசமானது காட்டோரத்தில் இருந்தது. பாடசாலைப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் வந்து தங்குவதற்காகக் கட்டிய விடுதி. வெறும் பலகைச் சுவர். நடு மண்டபத்தில் ஒரு நிலக்கரி அடுப்பு. அறைகளுக்குச் சூடு இல்லை. கோடை விடுதியில் மாரிக்கு ஆட்களை விட்டால் என்ன நடக்கும்? சனத்தின் மூச்சும் சோறு வடிக்கிற ஆவியும் போக வழியில்லாமல் வடக்குச் சுவரில் போய்த் தண்ணீராய் நிற்கும். அந்தச் சுவர் முழுக்கப் பூஞ்சணம். கறுப்பாய், மயிர் முளைத்த மாதிரி.

அந்தச் சுவரோடு கட்டில் போட்டிருந்தவள் புவனேஸ்வரி. புவனா என்போம். கணவன் இன்னும் கொழும்பில். இவள் எட்டு மாதக் குழந்தை சுதாவோடு வந்திருந்தாள். குழந்தைக்கு முட்டு. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூடு உள்ளே போய்விடும். வைத்தியரிடம் போவதென்றால் காலை பஸ்ஸில் போய்ப் பின்னேர பஸ்ஸில்தான் திரும்பலாம்.

"ஈரம் போகாட்டில் பிள்ளைக்குச் சுகம் வராதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார் அண்ணை" என்றாள் ஒருநாள். உடனே பயந்து, "ஆனால் நான் சொன்னதெண்டு எங்கயும் சொல்லிப்போடாதேங்கோ. என்ர கேஸ் இன்னும் முடியேல்லை. குறை சொல்லுறாள் எண்டு திருப்பி அனுப்பிப்போடுவினம்" என்றாள்.

அப்படி அனுப்பமாட்டார்கள் என்று அவளுக்குச் சொன்னேன். அது எனக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லிவிட்டேனே என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கவலைப்பட்டேன்.

நகரத்தில் ஆஸ்பத்திரித் தாதிமாரின் பழைய விடுதி காலியாகக் கிடந்தது. மாரிக்கு முன் இந்தச் சனத்தை அங்கே மாற்ற வேண்டும் என்று ஒரு அன்ட்ராக் எழுதினேன். கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னதாக எழுத்தில் கொடுக்கும் கோரிக்கைக்கு அந்தப் பெயர். யில்மாஸின் மகள் தட்டச்சு செய்து தந்தாள். இரவல் கமெராவில் சுவரைப் படமும் எடுத்தேன். கமெரா வெளிச்சத்தில் சுவர் வெள்ளையாய் விழுந்துவிட்டது. கூட்டத்தில் படம் கைமாறிப் போனபோது, பண்ணைக்காரரான ஒரு உறுப்பினர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது எந்த வீட்டுச் சுவராகவும் இருக்கலாமே. போய்ப் பார்ப்போம்" என்றார். அதில் பிழை சொல்ல முடியாது. அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோருமாகப் போய்ப் பார்ப்பதென்று தீர்மானித்தார்கள்.

என் பிழை அங்கேதான் தொடங்கியது.

எனக்கு நித்திரை வரவில்லை. இவர்கள் போகும்போது அறைக்குள் கருவாட்டு மணம் வந்தால்? கொடியில் ஈரத்துணி தொங்கினால்? பூஞ்சணத்தைப் பார்க்க வந்தவர்கள் எங்களை ஊத்தை ஆட்கள் என்று நினைத்துவிட்டால்? வியாழக்கிழமை ஹைம் காவலாளியின் அறைக்குத் தொலைபேசி எடுத்துப் புவனாவைக் கூப்பிடச் சொன்னேன்.

"தங்கச்சி, நாளைக்குப் பெரிய ஆக்கள் வருகினம். கொஞ்சம் துப்புரவா வைச்சிருங்கோ. எங்கட மானம் போகக்கூடாது."

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அண்ணை. நான் பாத்துக்கொள்ளுறன்."

அவள் பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நாங்கள் போய் இறங்கியபோது வாசலில் மாக்கோலம். மண்டபத்தில் ஊதுபத்தி. மேசையில் உழுந்து வடை, கட்லட், ரவைக் கேசரி. அடுப்பு கண கணவென்று எரிந்தது. ஒரு கிழமைக்கான நிலக்கரியை அன்றைக்கே போட்டிருந்தார்கள். காலையிலிருந்து பெண்கள் எல்லோரும் சுவரை வினாகிரி போட்டுத் துடைத்தும் கறுப்பு போகவில்லையாம். புவனாவின் அறைக்குள் போனால், வடக்குச் சுவரைக் காணவில்லை. மேல் சட்டத்திலிருந்து நிலம் வரை குத்தூசி குத்தி, அவள் கல்யாணத்தன்று உடுத்த கூறைச் சேலை தொங்கியது. இரத்தச் சிவப்பு, ஒரு சாண் சரிகைக் கரை. வரும்போது அதைக் கையில் வைத்துக்கொண்டே விமானத்தில் இருந்தவள் அவள்.

"எவ்வளவு அழகான திரை!" என்றார் பண்ணைக்காரர்.

ஃபிரவ் லிண்டர்மான் கிட்டப் போய் சரிகைக் கரையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். அந்தக் கணத்தை நான் எத்தனையோ தரம் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அவர் அதைக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும் என்று ஒரு மனம் கும்பிட்டது. தூக்கிவிடக் கூடாது என்று இன்னொரு மனம் கும்பிட்டது. நான் நின்றது ஒரு அடி தூரத்தில். கையை நீட்டினால் முடிந்தது விஷயம். ஆனால் கணவன் பக்கத்தில் இல்லாத ஒரு பெண்ணின் கூறையை, நாலு ஆண்களுக்கு முன்னால், நான் எப்படிப் பிடித்து இழுப்பேன்? புவனா கதவடியில் நின்று என்னையே பார்த்தாள். நல்லாய்ச் செய்திருக்கிறேனா அண்ணை என்று கேட்கிற பார்வை.

"இங்கே ஏதாவது குறை உண்டா?" என்று ஃபிரவ் லிண்டர்மான் அவளையே கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன்.

"ஒரு குறையுமில்லை எண்டு சொல்லுங்கோ அண்ணை. நல்லா வைச்சிருக்கினம் எண்டு சொல்லுங்கோ. வடை ஆறுது, சாப்பிடச் சொல்லுங்கோ."

அதையும் மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கார் புறப்படும்போது பண்ணைக்காரர் கையில் வடைப் பொட்டலம் இருந்தது. யில்மாஸ் மட்டும் என் காதோடு, "அந்தச் சேலைக்குப் பின்னால் என்ன?" என்று கேட்டார். நான் கார்க் கதவை இழுத்துச் சாத்தினேன்.

இரண்டு கிழமையில் கூட்டக் குறிப்பு தபாலில் வந்தது. விடுதி ஒழுங்காக உள்ளது, வசிப்போர் திருப்தியாக உள்ளனர், மாற்ற வேண்டிய அவசரம் இல்லை. அன்று பின்னேரமே ஆலைக்குத் தொலைபேசி வந்தது. சுதாவை அம்புலன்ஸில் கொண்டு போயிருக்கிறார்கள். நான் ஏப்ரனோடு மீன் பெட்டியின் மேலேயே இருந்துவிட்டேன். மேற்பார்வையாளர் வந்து, யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். இன்னும் இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

குழந்தை ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது. பிழைத்தது. ஏழாம் நாள் அதே அறைக்கு, அதே கட்டிலுக்குத் திரும்பி வந்தது.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் எங்கள் விஷயமே இல்லை. இல்லாத விஷயத்தைப் பற்றிப் பேச விதி இடம் தராது. விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானும் யில்மாஸும் இரண்டு நாள் முட்டினோம். அவர்தான் கண்டுபிடித்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் வேலை, போன கூட்டக் குறிப்பை ஏற்றுக்கொள்வது. அதற்கு முன், "திருத்தம் உண்டா?" என்று தலைவி கேட்டே ஆகவேண்டும். எல்லோரும் கோப்பி ஊற்றிக்கொண்டிருக்கும் நேரம் அது. நான் இருந்த காலத்தில் ஒருவரும் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதில்லை.

"திருத்தம் உண்டா?" என்றார்.

கை உயர்த்தினேன். கோப்பிக் குவளை ஒன்று பாதியில் நின்றது.

ஃபிரவ் லிண்டர்மான் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். நான் மட்டையை எடுக்கவில்லை.

"குறிப்பில் எழுதியது சரி. நீங்கள் கண்டதுதான் எழுதியிருக்கிறது. ஆனால் கண்டது சரியில்லை. முதல் நாள் நான் தொலைபேசி எடுத்துத் துப்புரவாக்கச் சொன்னேன். எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஓட்டையை மூடுவோம், கடன் வாங்கியாவது விருந்து வைப்போம். குறை இருக்கா என்று விருந்தாளி கேட்டால் இல்லை என்போம். அந்தப் பெண் அதைத்தான் செய்தாள். நீங்கள் தொட்டது திரை இல்லை. அவளுடைய கல்யாணச் சேலை. அதற்குப் பின்னால்தான் சுவர். எனக்குத் தெரியும். நான் தூக்கிக் காட்டவில்லை."

"அப்படியென்றால் நீங்கள் எங்களுக்குப் பொய் சொன்னீர்கள்" என்றார் பண்ணைக்காரர். கோபமாக இல்லை. மனம் நொந்தவர் மாதிரித்தான் சொன்னார்.

"பொய் இல்லை ஐயா. வெட்கம்" என்றேன். பிறகு குழந்தையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். ஜெர்மன் சொற்கள் ஒவ்வொன்றாய் என்னை விட்டுப் போயின. நெஞ்சுக்கூடு என்ற சொல் வரவில்லை. மீனில்தான் காட்டத் தெரியும். என் நெஞ்சில் கையை வைத்து உள்ளே அமுக்கிக் காட்டினேன். உள்ளங்கை மணியின் மேல் வந்தது. மணி அடித்தது. ஒரு தரம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எவ்வளவு இருந்தது சொல்ல.

"அடுத்தவர்?" என்றார் ஃபிரவ் லிண்டர்மான், அதே குரலில்.

யில்மாஸ் கை உயர்த்தினார். "என் மூன்று நிமிடம் அவருக்கு."

தலைவி விதிப் புத்தகத்தைத் திறந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். மூடினார். "தடை ஒன்றும் இல்லை" என்று சொல்லிக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்.

இரண்டாவது மூன்று நிமிடம் முடிந்ததும் அவர் மணியை அடிக்கவில்லை. எழுந்து கோட்டை எடுத்தார். "கூட்டத்தை இரண்டு மணித்தியாலம் ஒத்திவைக்கிறேன். இப்போதே போகிறோம். ஹெர் மகேஸ்வரன், நீங்கள் யாருக்கும் தொலைபேசி எடுக்கக் கூடாது. என் காரில் ஏறுங்கள்."

அந்த முக்கால் மணித்தியாலத்தைப்போல் ஒரு பயணத்தை நான் செய்ததில்லை. குழந்தை திரும்பி வருகிறதென்று புவனா சுவரைத் திரும்பவும் தேய்த்து வெள்ளையாக்கியிருந்தால்? காவலாளி சாயம் பூசியிருந்தால்? இரண்டு தரம் பொய்யனாவேன். அதற்குப் பிறகு ஐந்து ஹைமுக்காகவும் நான் பேசும் ஒரு சொல்லையும் ஒருவரும் நம்பமாட்டார்கள். சுவர் கறுப்பாக இருக்க வேண்டும் என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டேன். குழந்தை படுக்கிற சுவர். என்ன மனிதன் நான் என்றும் யோசித்தேன்.

கோலம் இல்லை. அடுப்பு அணைந்திருந்தது. புவனா அறையில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். கூறை அப்படியே தொங்கியது. எங்களைக் கண்டதும் அவளுக்கு முகம் செத்துப்போயிற்று.

"என்ன அண்ணை, ஒரு சொல்லும் சொல்லாமல்! வீட்டில ஒண்டுமில்லை. இருங்கோ, தேத்தண்ணி வைக்கிறன்."

"வேண்டாம் தங்கச்சி. ஒண்டும் வேண்டாம்."

"வெறும் வாயோட அனுப்பவோ? ஏலாது அண்ணை."

"தங்கச்சி, இவையளுக்கு அந்தச் சுவர் பாக்க வேணும்."

அவள் என்னைப் பார்த்தாள். குழந்தை கொர் கொர் என்று இழுத்தது. அந்தச் சத்தம் மட்டும்தான் அறைக்குள். பிறகு புவனா குழந்தையைக் கொண்டுவந்து, என்னிடமும் தராமல் யில்மாஸிடமும் தராமல், ஃபிரவ் லிண்டர்மானின் கையில் கொடுத்தாள். கட்டிலில் ஏறி நின்று குத்தூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சேலை விழவில்லை. ஈரத்தில் சுவரோடு ஒட்டிப் போயிருந்தது. உரித்துத்தான் எடுத்தாள்.

ஃபிரவ் லிண்டர்மான் குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையின் உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். எடுத்துப் பார்த்தார். கறுத்து நனைந்திருந்தது. பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "என் கன்றுக்குட்டிகளைக்கூட நான் இப்படி வைப்பதில்லை" என்று மெல்லச் சொன்னார்.

கூட்டம் திரும்பவும் கூடியது. தலைவி அந்தக் கையைக் கழுவாமலே வந்திருந்தார். வாக்கெடுப்பில் எல்லாக் கையும் உயர்ந்தது. என் கையும் தன்பாட்டுக்கு உயர்ந்துவிட்டது. எண்ணவில்லை. குறிப்பில் "ஏகமனதாக" என்று எழுதினார்கள்.

நத்தார்ப் பண்டிகைக்கு முன் சனம் தாதிமார் விடுதிக்கு மாறியது. சுதாவின் முட்டு அடுத்த கோடைக்குள் குறைந்தது. மாறிப் போன கிழமையிலேயே புவனா என்னிடம், "அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஒரு தேத்தண்ணியும் குடுக்காமல் அனுப்பினது என்ர நெஞ்சுக்குள்ள நிக்குது" என்றாள். ஃபிரவ் லிண்டர்மான் வந்தார். மூன்று வடையும் கேசரியும் சாப்பிட்டு, மூன்றாவது தரம் வைத்ததையும் மறுக்காமல் சாப்பிட்டார். அன்றும் சிரிக்கவில்லை. போகும்போது, அந்தச் சேலை என்னவாயிற்று என்று மட்டும் கேட்டார். புவனா இன்னொரு வடையை அவர் தட்டில் வைத்தாள்.

சலவைக் கடையில் கறை எடுக்க ஏலாது என்று சேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கணவன் வந்து, பிறகு அவர்கள் பீலெஃபெல்ட் நகரப் பக்கம் போய்விட்டார்கள். அவளைச் சேலையை உரிக்க வைத்தது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்கு முடிவு தெரியவில்லை. முதல் தரமே நான் தூக்கியிருந்தால் அது சுவரில் ஒட்டியிருக்காது, பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காது.

பிள்ளை, எப்படி நிரூபித்தீர்கள் என்று கேட்டாய். அந்தக் காலத்துப் படம் ஒன்றும் என்னிடம் இல்லை. எடுத்த ஒரே படமும் வெள்ளையாய்ப் போனது. பார்க்க வேண்டுமென்றால் பீலெஃபெல்டுக்குப் போய்ப் புவனா அக்காவிடம் கேள். அலுமாரியின் அடித்தட்டில் இருந்து கூறையை எடுத்து விரிப்பாள். முன்பக்கம் சரிகை இன்னும் மினுங்கும். திருப்பிப் பார். அந்தச் சுவர் அப்படியே இருக்கிறது.

போவதென்றால் முதல் நாள் சொல்லாமல் போ. சொன்னால் வடை சுட்டு வைத்துவிட்டுச் சேலையை ஒளித்துவிடுவாள்.